வீட்டிலேயே கட்டும் ஆஃப்-ரோடு டிரெய்லர்: எந்த சஸ்பென்ஷன் போடலாம்?

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி பகுதியைக் குறுக்கே கடக்கிறது கிப் ரிவர் ரோடு. சுமார் 660 கி.மீ. நீளம், பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். மழையில்லாத மாதங்களில் வண்டிகள் ஓடி ஓடி, சாலை தகரக் கூரை மாதிரி வரி வரியாக மடிந்து கிடக்கும். அதன் மேல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, காரை நினைத்து அவ்வளவு கவலை இருக்காது. கார் சஸ்பென்ஷனை கம்பெனி பொறியாளர்கள் யோசித்துப் போட்டிருப்பார்கள். கராஜில் நாமே வெல்டிங் அடித்த டிரெய்லருக்கு யார் யோசித்தது?

வரிக்கு வரி முக்கால் மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் போனால், ஒவ்வொரு சக்கரமும் 80,000 குத்து வாங்கும். ஸ்பிரிங் தாங்காத குத்தெல்லாம் ஆக்ஸிலுக்கும் சேஸிஸ் வெல்டிங்குக்கும் போகும். அடுத்த ஊர் 300 கி.மீ. தள்ளி இருக்கும் இடத்தில் ஒரு பிராக்கெட் விட்டுப்போனால், பயணம் அங்கேயே முடிந்தது.

அங்கே வீட்டில் டிரெய்லர் கட்டுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட விஷயம். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய வாகனச் சட்டப்படி, மத்திய அரசின் ‘ரோவர்’ இணையதளத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும். சக்கரங்கள் சுமக்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கும் பிரேக் கட்டாயம்.

‘எதுக்கும் இருக்கட்டும், பெருசாவே போடுவோம்’

சஸ்பென்ஷன் என்றதும் எல்லாரும் லீஃபா, காயிலா, ஏர் பேகா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஸ்பிரிங் எத்தனை கிலோவுக்கு? முதல் டிரெய்லர் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். முழுச் சுமையோடு டிரெய்லர் 900 கிலோ. அதில் பத்து சதவீதம், 90 கிலோ, காரின் டோ பாலில் உட்காரும். மீதி 810 கிலோ சக்கரத்தில். ஆக, பிரேக் வேண்டும். ஆக்ஸில், சக்கரம், டயர் எல்லாம் சேர்ந்து 120 கிலோ என்று வையுங்கள். அவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் ஸ்பிரிங்குக்கு அந்தச் சுமை இல்லை. மிச்சம் 690; ஒரு பக்கத்துக்கு 345 கிலோ. சாமான்களை இறக்கிவிட்டால் டிரெய்லர் 450 கிலோதான். அதே கணக்கில் ஒரு பக்கத்துக்கு சுமார் 142 கிலோ.

இப்போது, பாதுகாப்புக்காக என்று பக்கத்துக்கு 800 கிலோ தாங்கும் ஸ்பிரிங் போடுகிறீர்கள். முழு அளவுச் சுமையில் அது 7.5 செ.மீ. அமுங்கும் ரகம். உங்கள் 345 கிலோவுக்கு அது 3 செ.மீ. சொச்சம்தான் அமுங்கும். காலியாக இருந்தால் 1.3 செ.மீ. எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ, அவ்வளவுதான் சக்கரத்தை அது திரும்பக் கீழே தள்ள முடியும். அதாவது, இரண்டு விரல் ஆழப் பள்ளம் வந்தாலே டயர் அந்தரத்தில். அடுத்த நொடி மொத்த டிரெய்லரும் தூக்கிப் போடும். அடி எல்லாம் ஆக்ஸிலுக்கு.

அதுவே 400 கிலோ ஸ்பிரிங் என்றால் சுமையோடு 6.5 செ.மீ., காலியாக 2.7 செ.மீ. கிடைக்கும். இரு மடங்கு! பலமான ஸ்பிரிங் டிரெய்லரைக் காப்பாற்றும் என்று நினைப்போம். நடப்பது நேர் எதிர். முழுச் சுமைக்கு மேல் 15, 20 சதவீதம் இருந்தால் போதும். பெரிய குத்துக்கு பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கவே இருக்கிறது. ஆனால் அந்த முழுச் சுமை என்பது மனக்கணக்காக இருக்கக் கூடாது. தண்ணீர் டேங்க், கேஸ், ஃபிரிட்ஜ், பேட்டரி எல்லாவற்றையும் ஏற்றி எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ ஆச்சே.

சரி, எதை வாங்குவது?

லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லும் லீஃப் ஸ்பிரிங்தான் பழைய வழி. ஸ்பிரிங் வேலையோடு ஆக்ஸிலை இடத்தில் பிடித்து வைக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டமும் கொஞ்சம் அடங்கும். இதில் இரண்டு ரகம். ஸ்லிப்பர் ரகத்தில் ஒரு முனை இரும்புத் தகட்டின் மேல் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும். விலை குறைவு, ஊருக்குள் குப்பை ஏற்றிப் போக ஓகே. கரடுமுரடான சாலைக்கு இரு முனையும் கண் வைத்த, ஷேக்கிள் போட்ட ரகமே நல்லது. அதனுடன் ஷாக் அப்சார்பரும் சேர்த்துப் போட வேண்டும். பட்டை உடைந்தாலும் பதறத் தேவையில்லை. பெரிய பட்டை ஒன்றை ஸ்பேராக வைத்திருந்தால் சாலையோரத்திலேயே மாற்றலாம்.

டார்ஷன் ஆக்ஸில் பார்க்க அழகு. சதுரக் குழாய்க்குள் ஒரு சதுரக் கம்பி. இடையில் நான்கு ரப்பர் உருளைகள். கம்பி திரும்பும்போது ரப்பர் நசுங்கும், அதுதான் ஸ்பிரிங். கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. ஆனால் சக்கரம் மேலே கீழே போகும் தூரம் குறைவு, ரப்பருக்கும் வயசாகும். போனால் மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். கிப் ரிவர் ரோட்டில் அதை எங்கே போய்த் தேடுவது?

இப்போது எல்லாரும் ஆசைப்படுவது இண்டிபெண்டன்ட் ட்ரெய்லிங் ஆர்ம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் கை, காயில் ஸ்பிரிங், ஷாக். குறுக்கே ஆக்ஸில் இல்லாததால் கல் தட்டாது. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடையையும் குறைவாக வைக்கலாம். காயிலுக்கு உரசல் கிடையாது. ஷாக் போனால் டிரெய்லர் பந்து மாதிரி துள்ளும். இரண்டு கைகளின் பிவட்டும் துல்லியமாக நேர்கோட்டில் அமையாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். கராஜ் வெல்டிங்கில் இதுதான் கையைக் கடிக்கும் இடம்.

“மேடு பள்ளத்தில் தனித்தனி சக்கரம்தான் தரையைப் பிடிக்கும்” என்று ஒரு வாதம் உண்டு. நான்கு சக்கரக் காருக்கு அது சரி. ஒற்றை ஆக்ஸில் டிரெய்லருக்கோ இரண்டு சக்கரம், ஒரு கொக்கி என மூன்றே கால். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது அல்லவா? இணைப்பு முழுதாகச் சுழல மட்டும் வேண்டும். சாதாரண 50 மி.மீ. பால் அந்த அளவுக்குத் திரும்பாது. எனவே காசு குறைவாக இருந்தால் காயிலுக்குக் கொட்டுவதைவிட, எல்லாப் பக்கமும் சுழலும் ஆஃப்-ரோடு கப்ளிங்குக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ஏர் பேக்கில் சுமைக்கேற்ப உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கம்ப்ரசர், ஹோஸ், வால்வு என்று பழுதாக நாலு பொருள் கூடும். முதல் டிரெய்லருக்கு வேண்டாம்.

ஒரு டன்னுக்குள் கட்டுகிறவர்களுக்கு என் ஓட்டு, சரியான எடைக்கு எடுத்த ஷேக்கிள் லீஃபுக்கும் ஒரு ஜோடி ஷாக்குக்கும்தான். சக்கரம் காருடையதாகவே, அதே போல்ட் அளவில் இருந்தால் ஸ்டெப்னி இரண்டுக்கும் பொது.

இன்னொன்று. தகர வரிச் சாலையில் தொடர்ந்து ஓடினால் ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகும்; சூடு ஏற ஏற அது ஆட்டத்தை அடக்கும் திறன் குறையும். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, வேகத்தைக் குறைத்து, நடுநடுவே நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஷாக்குக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொடாதீர்கள், சுட்டுவிடும்). அப்படியே ஆக்ஸிலைப் பட்டையோடு பிடித்திருக்கும் யு-போல்ட் நட்டுகளையும் ஒரு ஸ்பானர் போட்டுப் பார்த்துவிடுங்கள். புது ஸ்பிரிங்கில் முதல் சில நூறு கி.மீ.யிலேயே அவை தளர்ந்துவிடும்.