செவ்வியல் நூல்களின் மின்பதிப்பில் செல்லுபடிச் சோதனை: தேவையும் செலவும்

முன்னுரை

தாம்பரத்திற்குக் கிழக்கே பெரும்பாக்கத்தில் அமைந்துள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 41 செவ்வியல் நூல்களைத் தன் ஆய்வெல்லையாகக் கொண்டுள்ளது. இத்தகைய நூல்களை எக்ஸ்எம்எல் குறிமொழியில் பதிப்பிக்கும்போது, கோப்புகளை எந்நிலையில் சோதிப்பது செலவுக்குத் தகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகைச் சோதனை

1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 வரையறை இரு நிலைகளை வேறுபடுத்துகிறது. திறந்த குறிகள் முறையாக மூடப்பட்டுள்ளனவா என நோக்குவது நன்கமைவு. கோப்பைப் படிக்கும் நிரல் இதனைச் செய்தே தீரவேண்டும். பாடலுள் அடி, அடியுள் பாடவேறுபாடு என முன்வரையறுத்த ஒழுங்கு பேணப்பட்டுள்ளதா என நோக்குவது செல்லுபடி. இது கூடுதல் காலமும் நினைவகமும் கோரும். சுவடியின் பெயர் சுட்டப்படாத பாடவேறுபாடு நன்கமைந்த கோப்பிலும் இடம்பெறலாம். அதனை நம்பிச் சுவடிகளை ஒப்பிடும் ஆய்வு பிழைபடும்.

சோதனையின் பயனும் எல்லையும்

குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடி வரை அமைவன. இதனை விதியாக்கினால், தட்டச்சில் அடி விடுபட்டு 3 அடியாக நிற்கும் பாடல் உடனே வெளிப்படும். எனினும் 307, 391ஆம் பாடல்கள் 9 அடிகள் உடையன. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பாடல் எண்கள் இடையறாது வரவேண்டும் என்னும் விதி இங்கும் பிழை காட்டும். நிரலுக்கு இணங்கி அடிகளை இணைத்தாலோ எண்களை மாற்றினாலோ மூலபாடமே சிதையும். ஆகவே கட்டமைப்பு மீறல் கோப்பைத் தடுக்க வேண்டும். அடித்தொகை, எண்வரிசை மீறல்கள் பதிப்பாசிரியருக்கு எச்சரிக்கையாக மட்டுமே அமைய வேண்டும்.

சோதிக்க வேண்டிய இடங்கள்

தட்டச்சு செய்தவரிடமிருந்து பதிப்பாசிரியருக்கும், அவரிடமிருந்து களஞ்சியத்திற்கும் கோப்பு கைமாறும்போது சோதனை இன்றியமையாதது. வரையறை திருத்தப்படும்போதும் பழைய கோப்புகள் அனைத்தையும் மீண்டும் சோதித்தல் வேண்டும். களஞ்சியத்தில் மாற்றமின்றி இருக்கும் கோப்பை ஒவ்வொரு தேடலின்போதும் சோதிப்பதால் புதிய பயன் இல்லை, காலமே வீணாகும். ஆயின் ஒன்று கருதத்தக்கது. புறக்கோப்பிலுள்ள வரையறை தரும் இயல்புமதிப்புகளைச் செல்லுபடி நோக்காத நிரல் படிக்காமல் விடக்கூடும். எனவே அவற்றைக் களஞ்சியத்தில் சேர்க்கும் முன்பே கோப்பினுள் வெளிப்படையாக எழுதிவிடுதல் வேண்டும்.

முடிவுரை

செல்லுபடிச் சோதனை குறியிட்டவரின் பணியை அளப்பதேயன்றி மூலபாடத்தை அளப்பதன்று. கோப்பு மாறும் இடத்திலும் கைமாறும் இடத்திலும் அதன் செலவு தகும். மாறாத கோப்பைப் படிக்கும் இடத்தில் தகாது என்பது பெறப்படுகிறது.