ஓரத்தில் இருந்த விளம்பரம் நடுவுக்கு வந்த கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, பேஸ்புக்கில் ஒரு கணக்கும் தொடங்கிவிட்டீர்களா? அப்படியானால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பேஸ்புக் தளத்தைத் திறந்து, மவுஸ் வீலை உருட்டிக் கொண்டே முதல் இருபது பதிவுகளைக் கவனியுங்கள். ஒரு பேப்பரில் மூன்று கட்டங்கள் போட்டுக் கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் போட்ட பதிவு என்றால் முதல் கட்டத்தில் ஒரு கோடு. பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'ஸ்பான்ஸர்டு' என்று இருந்தால் இரண்டாவது கட்டத்தில். நீங்கள் கேட்காமலேயே வந்து நிற்கும் யாரோ ஒருவரின் வீடியோ என்றால் மூன்றாவது கட்டத்தில். பெரும்பாலானவர்களுக்கு முதல் கட்டத்தில்தான் கோடுகள் குறைவாக இருக்கும்.

இது என் ஊகம் அல்ல. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்கார நிறுவனமான மெட்டா மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த ஏகபோக வழக்கில், 2025 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வழக்கில் மெட்டாதான் ஜெயித்தது. ஆனால் தீர்ப்பில் இருந்த இரண்டு எண்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. அமெரிக்கர்கள் பேஸ்புக்கில் செலவிடும் நேரத்தில் 17 சதவீதம்தான் நண்பர்களின் பதிவுகளைப் பார்க்கப் போகிறதாம். இன்ஸ்டாகிராமில் அது வெறும் 7 சதவீதம். நண்பர்களைப் பார்க்கத்தானே அங்கே போனோம்? மீதி நேரம் எங்கே போயிற்று?

இதற்கு விடை காண விளம்பரத்தின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' என்ற தளத்தில் வெளியாயின. ஏடி அண்டு டி நிறுவனத்தின் விளம்பரம் அவற்றுள் ஒன்று. செய்தித்தாளில் வரும் விளம்பரம் போலத்தான் அதுவும். தளத்திற்கு யார் வந்தாலும் அதே படம், அதே இடம். பார்ப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. அதே 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி 'குக்கி' என்னும் சிறிய குறிப்பை உருவாக்கினார். ஒரு தளம் உங்கள் பிரவுசரில் விட்டுச் செல்லும் டோக்கன் என்று இதை வைத்துக் கொள்ளலாம். அடுத்த முறை அதே தளத்திற்குப் போனால், டோக்கனைப் பார்த்து 'நேற்று வந்தவர்தான் இவர்' என்று தளம் தெரிந்து கொள்ளும். கடைக்காரர் வாடிக்கையாளரை நினைவில் வைத்துக் கொள்வதற்காக வந்த வசதி இது. விளம்பரக்காரர்கள் இதை வேறு வேலைக்கும் பயன்படுத்தலாம் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

2004-ல் பேஸ்புக் வந்தது. தொடக்க காலத்தில் விளம்பரங்கள் பெரும்பாலும் பக்கத்தின் ஓரத்தில் ஒதுங்கி இருந்தன. நாம் நடுவில் நண்பர்களோடு பேசிக் கொண்டிருப்போம். ஓரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பேஸ்புக்கிற்கு அதுதான் பிரச்சினை.

மோதிரம் வாங்கியதை ஊருக்குச் சொன்ன பீக்கன்

2007 நவம்பரில் பேஸ்புக் 'பீக்கன்' என்று ஒரு வசதியைக் கொண்டு வந்தது. 44 வெளித் தளங்கள் இதில் சேர்ந்தன. அந்தத் தளங்களில் நீங்கள் ஒரு பொருள் வாங்கினால், அந்தச் செய்தி தானாகவே உங்கள் நண்பர்களின் பக்கத்தில் போய் விழும். அமெரிக்காவில் ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று ஆன்லைன் கடையில் வைர மோதிரம் வாங்கினார். அந்தச் செய்தி, விலைத் தள்ளுபடி விவரத்தோடு, நண்பர்களுக்கும் அவர் மனைவிக்கும் போய்ச் சேர்ந்தது! எதிர்ப்பு கிளம்பி, டிசம்பரிலேயே மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். வழக்குப் போட்டார்கள். 95 லட்சம் டாலர் சமரசத் தொகையோடு 2009-ல் பீக்கன் மூடப்பட்டது.

அடுத்து 2011-ல் 'ஸ்பான்ஸர்டு ஸ்டோரீஸ்'. நீங்கள் ஒரு கம்பெனியின் பக்கத்தை லைக் செய்தால், உங்கள் பெயரும் படமும் அந்தக் கம்பெனிக்கு விளம்பரமாக உங்கள் நண்பர்களுக்குக் காட்டப்படும். சம்பளம் இல்லாத மாடல் வேலை. இதற்கும் வழக்கு வந்தது. 2013-ல் 2 கோடி டாலருக்கு முடிந்தது. கோரிக்கை அனுப்பியவர்களுக்குத் தலைக்கு 15 டாலர் கிடைத்தது. 2014-ல் இந்த வசதியும் போய்விட்டது.

இரண்டு முறையும் பேஸ்புக் செய்தது வெளியே தெரிந்தது. நண்பர் கண்ணில் பட்டதால்தான் மக்கள் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவை கண்ணில் படுவதில்லை. அதனால் சண்டையும் குறைவு.

இதற்கிடையே 2012-ல் இன்னொரு மாற்றம் நடந்தது. மக்கள் கம்ப்யூட்டரை விட்டு மொபைலுக்கு மாறத் தொடங்கினார்கள். மொபைல் திரையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கு ஓரம் என்று ஒன்று இருக்கிறதா? ஓரம் இல்லாத இடத்தில் விளம்பரத்தை எங்கே வைப்பது? நடுவில்தான் வைக்க வேண்டும். அந்த ஆண்டு முதல் நண்பர்களின் பதிவுகளுக்கு இடையே, அதே அளவில், அதே வடிவத்தில் விளம்பரங்கள் வாடிக்கையாக வரத் தொடங்கின. கம்ப்யூட்டர் திரையிலும் இதே ஏற்பாடுதான். 2024-ல் மெட்டாவின் மொத்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் 16,000 கோடிக்கும் மேல் விளம்பரத்தில் இருந்து வந்தது. வீடியோ காட்டி உங்களை எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்களோ, அவ்வளவு விளம்பரம் காட்ட முடியும். அந்த மூன்றாவது கட்டம் நிறைவது இதனால்தான்.

மைக் ஒட்டுக் கேட்கிறதா?

எங்கள் பெரியம்மா போன வருடம் லேப்டாப் வாங்கினார். ஒரு நாள் போனில், "ஏம்ப்பா, நேத்து ஒரு சைட்ல மிக்ஸி பார்த்தேன். இன்னிக்கு பேஸ்புக்ல அதே மிக்ஸி வந்து நிக்குது. நாம பேசறதை இது கேட்டுக்கிட்டே இருக்கா?" என்றார். இந்தக் கேள்வியை நிறைய பேர் கேட்கிறார்கள். மைக் மூலம் ஒட்டுக் கேட்பதை மெட்டா மறுக்கிறது. என்னைக் கேட்டால், அதற்கு அவசியமே இல்லை என்பேன்.

எப்படி என்று சொல்கிறேன். இணையதளங்கள் தயாரிப்பது என் வேலை. கடைகளுக்குத் தளம் செய்து கொடுக்கும்போது, 'பிக்ஸல் போட்டு விடுங்கள்' என்று கேட்பார்கள். பேஸ்புக் தரும் பத்துப் பன்னிரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் கோடு அது. தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் அதை ஒட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதன்பின் நீங்கள் அந்தக் கடையில் மிக்ஸி பக்கத்தைத் திறந்தவுடன், உங்கள் பிரவுசர் உங்களைக் கேட்காமலேயே பேஸ்புக் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும். எந்தப் பக்கம், எந்தப் பொருள், எத்தனை மணி, கூடையில் போட்டாரா, பணம் கட்டினாரா எல்லாம் அதில் போகும். உங்கள் பிரவுசரில் பேஸ்புக் வைத்த குக்கி இருந்தால் அதுவும் கூடவே போகலாம். டோக்கனைப் பார்த்து ஆள் யார் என்று சர்வர் தெரிந்து கொள்ளும். திரையில் எதுவும் தெரியாது.

ஆன்லைனில் எதையும் பார்க்காதவரும் தப்பிக்க முடியாது. ஜவுளிக்கடை பில் கவுன்டரில், "சார், மொபைல் நம்பர் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள் அல்லவா? கடைக்காரர் விரும்பினால் அந்த நம்பர்களை எல்லாம் ஒரு பைலாக்கி பேஸ்புக்கிற்கு அப்லோட் செய்யலாம். 'கஸ்டம் ஆடியன்ஸ்' என்ற இந்த வசதி 2012-ல் இருந்து உள்ளது. நம்பர்களை அப்படியே அனுப்ப மாட்டார்கள். உருமாற்றி, படிக்க முடியாத எழுத்துக் கோவையாக்கித்தான் அனுப்புவார்கள். ஆனால் பேஸ்புக்கும் தன்னிடம் உள்ள நம்பர்களை அதே முறையில் உருமாற்றி வைத்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் பொருந்துபவர் யார் என்று தெரிந்துவிடும். தீபாவளிக்குத் துணி எடுத்த கடையின் விளம்பரம் பொங்கலுக்கு முன் உங்கள் திரையில் வந்து நிற்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இப்போதெல்லாம் கவுன்டரில் நம்பர் கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறேன். பில் எப்படியும் கிடைக்கிறது.

இதைத் தடுக்க யாரும் முயற்சி செய்யவில்லையா? செய்தார்கள். 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோனில், 'இந்த அப்ளிகேஷன் உங்களைப் பின்தொடர அனுமதிக்கலாமா?' என்று கேட்கும் பெட்டியைக் கட்டாயமாக்கியது. பலர் 'வேண்டாம்' என்றார்கள். இதனால் 2022-ல் தங்களுக்கு சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. ஒரே ஒரு கேள்வியின் விலை அது. கூகுளும், அடுத்தவர் வைக்கும் குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் குரோம் பிரவுசரில் இருந்து நீக்கிவிடுவோம் என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம், அதன் வேரை வெட்டும் என்று எதிர்பார்த்தது நம் தவறுதான்!

வாட்ஸ்அப் கதையும் இதில் சேரும். விளம்பரம் கிடையாது என்பதையே பெருமையாகச் சொல்லி வளர்ந்த நிறுவனம் அது. 2014-ல் பேஸ்புக் அதை வாங்கியது. 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பகுதியில் விளம்பரங்கள் வரும் என்று அறிவிக்கப்பட்டது. சாட் பகுதிக்குள் விளம்பரம் வராது என்கிறார்கள்.

ஏமாற்று விளம்பரங்கள்

மிக்ஸி விளம்பரத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. என் கவலை வேறு. மத்திய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் ஒரு முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பது போன்ற போலி வீடியோக்கள் சமூகத் தளங்களில் உலவின. செயற்கை நுண்ணறிவு மூலம் தயாரித்த போலிகள் என்று அரசின் பி.ஐ.பி. உண்மை கண்டறியும் பிரிவு பலமுறை அறிவித்தது. இம்மாதிரி மோசடிகள் விளம்பரமாகவும் வருகின்றன. நண்பர் பதிவுக்குக் கீழே, அதே வடிவத்தில் வரும்போது புதியவர்கள் நம்பி விடுகிறார்கள்.

2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் மெட்டாவின் உள் ஆவணங்களைப் பார்த்து ஒரு செய்தி வெளியிட்டது. 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம் மோசடி மற்றும் தடை செய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்களில் இருந்து வரும் என்று மெட்டாவே கணக்கிட்டிருந்ததாம். அது தோராயமான, மிகைப்பட்ட மதிப்பீடு என்று மெட்டா மறுத்தது. அந்தச் செய்தியில் இன்னொரு விவரமும் உண்டு. மோசடி விளம்பரத்தைக் கிளிக் செய்பவருக்கு அது போன்றவை மேலும் அதிகமாக வரும். எது பிடிக்கிறதோ அதையே கொடுக்கும் புரோகிராம் அல்லவா? ஒருமுறை ஏமாந்தவரை அது ஆர்வம் உள்ளவர் என்று எடுத்துக் கொள்கிறது. வேடிக்கை பார்க்கக்கூட அதில் கிளிக் செய்யாதீர்கள் என்று பெரியம்மாவிடம் சொன்னது இதனால்தான்.

இனி நீங்கள் செய்யக் கூடியவை. பேஸ்புக்கில் செட்டிங்ஸ் சென்று 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' கிளிக் செய்திடுங்கள். அதில் 'யுவர் இன்பர்மேஷன் அண்டு பெர்மிஷன்ஸ்' என்பதன் கீழ், 'யுவர் ஆக்டிவிட்டி ஆப் மெட்டா டெக்னாலஜிஸ்' என்று ஒரு பிரிவு கிடைக்கும். உங்களைப் பற்றித் தகவல் அனுப்பிய தளங்களின் பட்டியலை அங்கே காணலாம். பட்டியலின் நீளத்தைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். 'கிளியர்' கொடுத்துப் பழையதைப் பிரித்து விடலாம். 'டிஸ்கனெக்ட் பியூச்சர் ஆக்டிவிட்டி' கொடுத்தால் இனி வருவதும் உங்கள் கணக்கோடு சேராது. விளம்பரங்களின் எண்ணிக்கை இதனால் குறையாது. மிக்ஸி பின்னாலேயே வருவதுதான் குறையும். மெட்டா இந்த மெனுக்களை அடிக்கடி இடம் மாற்றும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் டைப் செய்து தேடுங்கள்.

குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, தேர்டு பார்ட்டி குக்கீஸ் என்று சென்று 'பிளாக்' தேர்ந்தெடுங்கள். ஏதேனும் ஒரு தளத்தில் லாகின் ஆக முடியாவிட்டால், அந்தத் தளத்திற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். நண்பர்கள் பதிவுகள் மட்டும் போதும் என்றால், பேஸ்புக்கின் மெனுவில் 'பீட்ஸ்' கிளிக் செய்து, அதில் 'பிரெண்ட்ஸ்' பிரிவைத் தேர்ந்தெடுங்கள். புதியது முதலில் என்ற வரிசையில் பதிவுகள் வரும்.

ஒரு விளம்பரத்தின் மீது சந்தேகம் வந்தால், கூகுளில் 'மெட்டா ஆட் லைப்ரரி' என்று தேடித் திறந்திடுங்கள். பேஸ்புக் கணக்கு இல்லாமலே பார்க்கலாம். விளம்பரம் தந்த பக்கத்தின் பெயரை டைப் செய்தால், அது இப்போது தரும் எல்லா விளம்பரங்களையும் காட்டும். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு வேறு பெயரில் இருந்ததா என்பதையும் பாருங்கள். போன மாதம் தொடங்கிய பக்கம் வங்கியின் பெயரில் முதலீடு கேட்டால் அங்கேயே நிறுத்தி விடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? கொஞ்சமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் தர வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் சொன்னால்தான் வங்கியால் அதை நிறுத்தி வைக்க முடியும்.