உங்களுக்குத் தெரியுமா? உப்புமூட்டை ஏறிய விமானம்!

எதிரி சுட்டு விழுந்த விமானங்களின் கதை எல்லாருக்கும் தெரியும். எதிரியே இல்லாமல், வெறும் பயிற்சியில் விழுந்தவை? தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. பொறுக்கி எடுத்தவை இதோ. ஒன்றுகூடக் கட்டுக்கதை இல்லை!

1940 செப்டம்பர் 29, ஆஸ்திரேலியா. வாகா வாகா பயிற்சித் தளத்திலிருந்து கிளம்பிய இரண்டு ஆன்சன் விமானங்கள் நடுவானில் மோதின. மோதியவை பிரியவே இல்லை! ஒன்றின் முதுகில் மற்றொன்று உப்புமூட்டை ஏறிக்கொண்டது. மேல் விமானத்தில் விமானி இருக்கிறார், இன்ஜின் ஓடவில்லை. கீழ் விமானத்தில் இன்ஜின் ஓடுகிறது, விமானி குதித்துவிட்டார்! மேலே இருந்த லெனார்ட் ஃபுல்லர், கீழ் இன்ஜின்களின் தயவிலேயே 8 கிலோமீட்டர் பறந்து, இரண்டையும் சேர்த்து ஒரு புல்வெளியில் இறக்கினார். இரண்டிலும் இருந்தவர்கள் 4 பேர். இறந்தவர்கள்? பூஜ்யம்!

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானப்படை, சொந்த மண்ணில் நடந்த விபத்துகளில் மட்டும் பறிகொடுத்த உயிர்கள் எத்தனை? ஏறக்குறைய 15,000!

பி-26 மராடர் குண்டுவீச்சு விமானத்துக்குப் பயிற்சி விமானிகள் வைத்த பட்டப்பெயர் ‘விதவையாக்கி’. ஃபுளோரிடாவின் மெக்டில் தளத்தில் ஒரு முறை 30 நாளில் 15 விமானங்கள் விழுந்தன. ‘டாம்பா குடாவில் தினம் ஒன்று’ என்பது அங்கே பழமொழியே ஆகிவிட்டது!

கடலே இல்லாத சிகாகோவில் விமானம் தாங்கிக் கப்பல் ஓடியது! ஒன்றல்ல, இரண்டு. பயணிகள் கப்பலாக இருந்தவற்றுக்கு மொட்டைமாடி மாதிரி ஒரு தளம் போட்டு மிச்சிகன் ஏரியில் இறக்கினார்கள். பக்கவாட்டுச் சக்கரம், நிலக்கரி அடுப்பு! அதில் இறங்கிப் பழகும்போது ஏரிக்குள் போன விமானங்கள் 100க்கும் மேல்!

அவற்றில் ஒன்று டான்ட்லெஸ் ரகம். பேர்ல் துறைமுகத் தாக்குதலில் பிழைத்தது. மிட்வே போரில் 200க்கும் மேற்பட்ட ஓட்டைகளோடு திரும்பி வந்தது. கடைசியில் 1943இல், கற்றுக்குட்டி விமானியோடு ஏரியில் விழுந்தது! 51 வருஷம் தண்ணீருக்குள் கிடந்து, இப்போது பென்சகோலா அருங்காட்சியகத்தில் ஜம்மென்று நிற்கிறது!

1962 ஜூன் 19, மேற்கு ஜெர்மனி. ஸ்டார்ஃபைட்டர் விமானத்தைப் படையில் சேர்க்க மறுநாள் விழா. நோர்வெனிக் தளம் அருகே ஒத்திகை. சேர்ந்து பறந்த நான்கும் சேர்ந்தே விழுந்தன. நான்கு விமானிகளும் பலி, விழா ரத்து!

அதே ஸ்டார்ஃபைட்டரில் மேற்கு ஜெர்மனி வாங்கியது 916. விபத்தில் போனது 292! ‘ஸ்டார்ஃபைட்டர் வேண்டுமா? ஒரு துண்டு நிலம் வாங்கிக் காத்திரு, தானாக வந்து விழும்’ என்று ஜெர்மானியர்கள் ஜோக் அடித்தார்கள். இறந்த விமானிகள் 116.

ஓர் உயிரைக் காவு வாங்க எது தேவை? ஒரு வாத்து போதும்! 1964இல் ஹூஸ்டனின் எல்லிங்டன் தளத்தை நெருங்கிய டி-38 பயிற்சி விமானத்தின் மீது காட்டு வாத்து மோதியது. அதை ஓட்டிய தியோடர் ஃப்ரீமேன் இறந்தார். உயிரிழந்த முதல் நாசா விண்வெளி வீரர். அவர் விண்வெளிக்குப் போனதே இல்லை!

1966 பிப்ரவரி 28. ஜெமினி 9 வீரர்கள் இருவர் பயிற்சிக்காக செயின்ட் லூயிஸ் போனார்கள். தரையிறங்கும்போது விமானம் ஒரு கட்டடத்தில் மோதியது. இருவரும் பலி. உள்ளே என்ன தயாராகிக்கொண்டிருந்தது தெரியுமா? அவர்கள் ஏறவேண்டிய அதே ஜெமினி 9 விண்கலம்! பின்னால் வந்த விமானம் பத்திரமாக இறங்கியது. அதிலிருந்த யூஜின் செர்னன்தான் 1972இல் நிலவில் கடைசியாகக் கால் வைத்திருந்த மனிதர்!

108 நிமிடத்தில் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பியவர் யூரி ககாரின். 1968 மார்ச் 27 அன்று மிக்-15 விமானத்தில் சாதாரணப் பயிற்சிக்குப் போனார். திரும்பவில்லை. வயது 34!

1970, மோன்டானா. பயிற்சியில் எஃப்-106 ஒன்று பம்பரமாகச் சுழன்றது. விமானி குதித்தார். அவர் குதித்ததும் விமானம் தானாகவே நிமிர்ந்தது! பனி மூடிய வயலில் வயிற்றால் வழுக்கி, அழகாக இறங்கியது. எரிபொருள் தீரும்வரை இன்ஜின் ஓடியது, 1 மணி 45 நிமிடம்! பழுதுபார்த்து மறுபடி பறக்கவும் விட்டார்கள்!

1989 ஜூலை 4. போலந்தில் ஒரு சோவியத் மிக்-23 கிளம்பியதும் மக்கர் செய்தது. விமானி குதித்துவிட்டார். விமானம் நிற்கவில்லை! ஆளில்லாமலே கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து எல்லாம் தாண்டியது. பெல்ஜியத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்து, உள்ளே இருந்த இளைஞரைக் கொன்றது. பறந்த தூரம் 900 கிலோமீட்டர்!

1958இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில், போர்ப் பயிற்சியின்போது பி-47 குண்டுவீச்சு விமானத்தின் மீது எஃப்-86 போர் விமானம் மோதியது. போர் விமானம் விழுந்தது, விமானி பிழைத்தார். குண்டுவீச்சு விமானம் பாரத்தைக் குறைக்க, டைபி தீவுப் பக்கம் கடலில் ஒன்றைப் போட்டுவிட்டுத் தரையிறங்கியது. போட்டது என்ன? 3,400 கிலோ அணுகுண்டு! இன்றுவரை கிடைக்கவில்லை!

உப்புமூட்டை ஃபுல்லரை மறந்துவிடவில்லையே? அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கூடவே தண்டனையும்! அனுமதி இல்லாமல் பத்திரிகைக்காரர்களிடம் பேசியதற்காக 14 நாள் முகாமை விட்டு வெளியே போகத் தடை. பிறகு வெளிநாட்டுப் போர்முனையில் குண்டுவீச்சு விமானம் ஓட்டி, வீரப் பதக்கமும் வாங்கினார். 1944இல் இறந்தார். எதில் போகும்போது தெரியுமா? சைக்கிளில். மோதியது ஒரு பஸ்!