மலையைக் காத்த தண்ணீர்ப் பங்கு

சண்டிகர் நகருக்கு அழகு சேர்க்கவென்று 1958இல் ஓர் ஓடையை மறித்து உருவாக்கப்பட்டது சுக்னா ஏரி. இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை; கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டல் நிரம்பிவிட்டது. வாரிக் கொட்டினாலும், அடுத்த மழை புது மண்ணோடு வந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போன விஞ்ஞானிகள் போய் நின்ற இடங்களில் ஒன்று, ஹரியானாவில் சிவாலிக் மலையடிவாரத்துச் சிற்றூரான சுகோமாஜ்ரி.

சிவாலிக் பார்வைக்குத்தான் மலை. இமயத்திலிருந்து ஆறுகள் அடித்து வந்த மணலும் களிமண்ணும் கூழாங்கற்களும் படிந்து மேலெழுந்தது அது. தக்காணத்துப் பாறைபோல இறுகியதல்ல. அதன் மெல்லிய மேல்மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை வேர்கள்தாம். ஓர் அங்குல மேல்மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் ஆகும். ஆடுகள் மொட்டையடித்த சரிவில் அது கரைந்து போகச் சில பருவமழைகளே போதும். இங்கே 'சோ' என்று அழைக்கப்படும் காட்டாறுகள் வயல்களை மணலால் மூடுவது பழைய கதை. அதைத் தடுக்க 1900இலேயே பஞ்சாபில் சட்டம் வந்தது. மேய்ச்சலுக்கும் மரம் வெட்டுவதற்கும் கட்டுப்பாடு விதித்த அந்தச் சட்டம், ஆடு மேய்ப்பவர் வேறென்ன செய்வார் என்று கேட்கவில்லை.

கேட்டவர் பி.ஆர். மிஸ்ரா. மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டிகர் மையத்தில் இருந்தவர். தடுப்பணை, குழி, மரக்கன்று என்று வழக்கமான வேலைகளும் நடந்தன. 1976இல் ஊருக்கு மேலே சிறிய மண் அணை ஒன்று எழுந்தது. மானாவாரிக் கோதுமைக்கு அதன் தண்ணீர் பாய்ந்தபோதுதான் ஊராருக்கு விஷயம் பிடிபட்டது: மலை கரைந்தால் அணை தூர்ந்துவிடும், அணை தூர்ந்தால் விளைச்சல் போச்சு.

சரி, நிலமே இல்லாதவருக்கு? அவருடைய ஆடும் அதே மலையில்தான் மேய்ந்தது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரில் சம பங்கு, வேண்டாதவர் விற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. திட்டத்தின் உயிர்நாடி இதுதான். முள்வேலி இல்லாமலே மேய்ச்சல் நின்றது. அதிகாரிகள் இதற்குச் 'சமூக வேலி' என்று பெயர் வைத்தார்கள். ஆடுகள் குறைந்து, கட்டுத்தறி எருமைகள் பெருகின. சரிவில் மண்டிய பாபர் புல் கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் போனது. இந்தச் சரிவிலிருந்து ஏரிக்குப் போன வண்டலும் வெகுவாகக் குறைந்தது.

பின்னாளில் சிக்கல்கள் வராமலில்லை. மலை வனத் துறையுடையது. புல்லைக் குத்தகைக்கு எடுத்ததோ ஊர்ச் சங்கம். தொகை பற்றி இழுபறி நீண்டது. சுக்னாவைக் காப்பாற்றிய அணைகளிலேயே வண்டலும் ஏறத் தொடங்கியது.