விமானத் தொழிற்சாலையில் நடந்த தவறு: விலை கொடுப்பது யார்?

வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகள் பெருநாளுக்கு ஊர் வர டிக்கெட் தேடும்போதும், குடும்பத்தோடு உம்ராவுக்குக் கிளம்பும்போதும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இவ்வளவு பயணிகள் இருக்கும்போது விமானங்களை அதிகப்படுத்தினால் என்ன? பண்டிகைக் கூட்டம், எரிபொருள் விலை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவையும் உண்மைதான். ஆனால் சில ஆண்டுகளாக இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. விமான நிறுவனங்கள் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்தும் புதிய விமானங்கள் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை.

பெரிய பயணிகள் விமானங்களைச் செய்பவை முக்கியமாக இரண்டே நிறுவனங்கள். ஒன்று அமெரிக்காவின் போயிங், மற்றொன்று ஐரோப்பாவின் ஏர்பஸ். இவற்றில் ஒன்று தடுமாறினால் உடனே மற்றொன்றிடம் போய் வாங்கிவிட முடியாது. ஏர்பஸ் செய்து தர வேண்டிய விமானங்களே 8,000-க்கும் அதிகமாக வரிசையில் நிற்கின்றன. அப்படியே கிடைத்தாலும் அந்த ரக விமானத்தை ஓட்ட விமானிகளுக்குத் தனியாகப் பயிற்சி தர வேண்டும்.

போயிங்கின் அவசரம்

2010 டிசம்பரில் ஏர்பஸ், எரிபொருளைச் சேமிக்கும் ஏ320 நியோ விமானத்தை அறிவித்தது. ஆர்டர்கள் குவிந்தன. போட்டியைச் சமாளிக்க, புதிதாக ஒரு விமானத்தை வடிவமைக்காமல், 1960-களில் உருவான 737-லேயே பெரிய எஞ்சின்களைப் பொருத்த 2011-ல் போயிங் முடிவு செய்தது. அதுதான் 737 மேக்ஸ்.

எஞ்சின்கள் பெரிதாகி, முன்னால் தள்ளிப் பொருத்தப்பட்டதால், சில சமயங்களில் விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே எழும் நிலை வந்தது. அதைத் தானாகவே கீழே அழுத்த எம்கேஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். அந்த மென்பொருள் ஒரே ஒரு சென்சார் தரும் தகவலை நம்பி இயங்கியது. அப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலான விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை.

2018 அக்டோபர் 29-ல் இந்தோனேசியாவின் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து 157 பேர் இறந்தனர். இரண்டிலும் சென்சார் தவறான தகவல் தந்தது. மென்பொருள் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. அதன் பிறகு உலகம் முழுவதும் மேக்ஸ் விமானங்கள் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் மீண்டும் அனுமதி கிடைக்க 20 மாதங்கள் ஆயின.

பிரச்சினை அதோடு முடியவில்லை. 2024 ஜனவரி 5-ல் அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9 விமானத்தில், கதவு இருக்க வேண்டிய இடத்தை மூடியிருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படாமல் விடப்பட்டிருந்தன. உயிரிழப்பு இல்லை. ஆனால் மாதம் 38 மேக்ஸ் விமானங்களுக்கு மேல் செய்யக் கூடாது என்று அமெரிக்க அரசு கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 33,000 தொழிலாளர்கள் ஏழு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020-ல் எமிரேட்ஸ் நிறுவனத்துக்கு வரத் தொடங்கியிருக்க வேண்டிய போயிங் 777எக்ஸ், 2027-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதுவரை எமிரேட்ஸ் தன் பழைய விமானங்களையே புதுப்பித்து ஓட்டுகிறது.

எஞ்சினில் வந்த கோளாறு

ஏர்பஸ் தரப்பிலும் சிக்கல் இருந்தது. ஏ320 நியோ விமானங்கள் பலவற்றில் பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் எஞ்சின் உள்ளது. அதன் சில பாகங்களைச் செய்யப் பயன்படுத்திய உலோகத் தூளில் மாசு கலந்திருந்ததால், அவற்றில் விரிசல் விழக்கூடும் என்று 2023-ல் அந்நிறுவனம் அறிவித்தது. எஞ்சினைக் கழற்றிச் சோதித்து மீண்டும் மாட்ட 300 நாட்கள் வரை ஆகலாம் என்றும் கூறியது. இந்தியாவின் இண்டிகோவில் மட்டும் ஒரு கட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன.

இந்த அறிவிப்புக்கு முன்பே, இதே எஞ்சின்களில் வந்த கோளாறுகளால் ஒரு நிறுவனம் மூழ்கிவிட்டது. கண்ணூரிலிருந்து அபுதாபி, குவைத் போன்ற ஊர்களுக்கு விமானம் விட்டுவந்த கோ ஃபர்ஸ்ட், 2023 மே 2-ல் திவால் மனு கொடுத்தது. மாற்று எஞ்சின்கள் வராததால் தன் ஏ320 நியோக்களில் பாதி, அதாவது 25 விமானங்கள் நின்றுவிட்டதாகக் கூறியது. எஞ்சின் நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. முன்பதிவு செய்திருந்த பயணிகளோ, பணத்தைத் திரும்பப் பெற மற்ற கடன்காரர்களைப் போல மனு கொடுக்க வேண்டியதாயிற்று.

சுமை நம்மிடம் வரும் வழி

பெரும்பாலான விமான நிறுவனங்கள் பல விமானங்களைக் குத்தகைக்கு எடுத்தே ஓட்டுகின்றன. விமானம் நின்றாலும் குத்தகைப் பணம் நிற்பதில்லை. இடைவெளியை நிரப்ப வேறு நிறுவனத்திடம் விமானத்தையும் விமானிகளையும் வாடகைக்கு எடுத்தால் செலவு இன்னும் கூடுகிறது. அதிக எரிபொருள் குடிக்கும் பழைய விமானங்களை ஓய்வுக்கு அனுப்பவும் முடிவதில்லை. இருக்கைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்னும்போது கட்டணம் தானாகவே ஏறுகிறது.

நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முக்கியமான பயணத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்யலாம். நிறுவனம் தன் காரணத்தால் விமானத்தை ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்பது நம் உரிமை. அதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

சோதனைக்காக ஒரு விமானம் நிறுத்தப்படும்போது நமக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் நிறுத்திச் சோதித்ததில் தவறில்லை. முறையாகச் செய்யாமல் அவசரமாக அனுப்பியதே தவறு. அந்த அவசரத்துக்கு அந்த இரு விமானங்களில் இருந்த 346 பேர் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள். நாம் கூடுதல் பணமும் நேரமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.