வளர மறுக்கும் கிருமியும் டாப்ஸோன் மாத்திரையும்

காரைக்கால் பகுதியில் குளங்களுக்குப் பஞ்சமில்லை. அரசலாறும் காவிரியின் பிற கிளைகளும் கடலில் கலக்குமுன் கடைசியாகப் பாயும் மண் இது. திருநள்ளாற்று நளதீர்த்தம் முதல் வயலோரக் குட்டை வரை எத்தனையோ நீர்நிலைகள்! படிக்கட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, மூக்கில் நீர் ஏறிக் கண் சிவக்கக் கரையேறிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இரண்டு தும்மலோடு அது போய்விடும்.

ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளம் குட்டைகளில் மூழ்கிக் குளிப்பவர்களிலும், ஆற்றில் முங்கி மணல் எடுப்பவர்களிலும் சிலருக்கு அவ்வளவோடு போவதில்லை. மூக்கினுள் ஒரு சிவந்த சதைக்கட்டி மெல்ல வளர்கிறது. மூக்கு அடைக்கிறது, தொட்டால் இரத்தம் கசிகிறது. கட்டியின் மேல் வெண்புள்ளிகள் தெரிவதால், செம்புற்றுப் பழத்தைப் போலத் தோன்றுகிறது. இந்நோய்க்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். தமிழகத்தில் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கங்களில் இது மருத்துவர்கள் நன்கறிந்த நோய். (காரைக்கால் குளங்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே குளத்தில் குளிக்கும் நூற்றுக்கணக்கானோரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது என்பதே இன்னும் விளங்காத புதிர்.)

அந்த வெண்புள்ளிகள் உண்மையில் கிருமியின் வித்துப்பைகள். ஒரு முதிர்ந்த பை ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அகலம் வரை வளரும். கிருமி என்றாலே நுண்ணோக்கி வேண்டும் என்று படித்திருக்கிறோம். இதையோ வெறுங்கண்ணாலேயே காணலாம்! பையினுள் ஆயிரக்கணக்கான உள்வித்துகள் அடைந்து கிடக்கும். பை வெடித்தால் அவை சிதறி, பக்கத்துத் திசுவில் மீண்டும் பைகளாக வளரும். கட்டியை அறுத்தெடுத்து அடிப்பாகத்தைச் சுட்டுவிடுவதே முதன்மையான சிகிச்சை. ஆயினும் அறுவையின்போது சிதறிய வித்துகள் சில தங்கிவிட்டால் நோய் திரும்பி வரக்கூடும். எனவேதான் ஒரு மருந்து தேவைப்பட்டது.

எந்த மருந்து? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 1900-இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் கில்லெர்மோ சீபர் இக்கிருமியை விவரித்தபோது, அதை ஒரு செல் விலங்கு எனக் கருதினார். 1923-இல் எடின்பரோவில் ஆஷ்வொர்த் இது பூஞ்சை என்றார். அதன்பின் பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இது பூஞ்சையாகவே இருந்தது. பூஞ்சைக் கொல்லி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் மரபுப்பொருளைப் படித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இது பூஞ்சையன்று. விலங்குகளும் பூஞ்சைகளும் பிரிந்த கிளைக்கு அருகே நிற்கும் நீர்வாழ் ஒட்டுண்ணிக் கூட்டத்தைச் சேர்ந்தது. இதன் நெருங்கிய உறவினர் மீன்களைத் தாக்குபவை!

இதற்கிடையே நம் நாட்டு மருத்துவர்கள் வேறொரு வழியில் முயன்றனர். தொழுநோய்க்குத் தரப்படும் டாப்ஸோன் மாத்திரையை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை 1979-இல் கே. கே. நாயர் வெளியிட்டார். 1993-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த திசுத் துண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஒப்பிட்டனர். மருந்துக்குப்பின் வித்துப்பைகள் சிதைந்திருந்தன. அவற்றைச் சுற்றி உடலின் எதிர்ப்பு அணுக்கள் மிகுந்திருந்தன. பாக்டீரியாக்கள் ஃபோலிக் அமிலம் தயாரிப்பதைத் தடுப்பது டாப்ஸோனின் வேலை. இக்கிருமியிடமும் அது இதே வழியில்தான் செயல்படுகிறதா என்பது நிறுவப்படவில்லை.

ஒரு மருந்தை முறைப்படி சோதிக்க வேண்டுமானால் என்ன செய்வோம்? கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, மருந்தை இட்டு, வளர்ச்சி நிற்கிறதா என்று பார்ப்போம். ஆனால் ரைனோஸ்போரிடியம் எந்தத் தட்டிலும் எளிதில் வளர்வதில்லை. ஆய்வக எலிகளில் நோயை உண்டாக்கும் முயற்சிகளும் கைகூடவில்லை. வளராத கிருமியின் வளர்ச்சி நின்றதா என்று எப்படி அறிவது?

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அர்சேகுலரத்னவும் உடன் உழைத்தவர்களும் கேள்வியையே மாற்றிக்கொண்டனர். ‘வளர்கிறதா’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘உயிரோடிருக்கிறதா’ என்று கேட்டனர். அறுவையில் எடுத்த கட்டியிலிருந்து உள்வித்துகளைப் பிரித்தெடுத்து, எம்.டி.டி. என்னும் மஞ்சள் நிறச் சேர்மத்தில் இட்டனர். உயிருள்ள செல்லின் நொதிகள் இதை ஊதா நிறப் பொருளாக மாற்றும். இறந்த செல் மாற்றாது. ஆக, வித்துகளை முதலில் மருந்தில் ஊறவைத்துப் பின் எம்.டி.டி. சேர்த்தால், ஊதா தோன்றாத வித்துகளில் மருந்து வேலை செய்திருக்கிறது என்று கொள்ளலாம். கிருமிநாசினிகளையும் மருந்துகளையும் இம்முறையில் சோதித்தனர். எளிய முறைதான், ஆனால் தட்டில் வளராத கிருமிக்கு இதைவிடப் பொருத்தமான சோதனையை நினைத்துப் பார்ப்பது கடினம்.

குப்பியில் இறக்கும் வித்து மூக்கிலும் இறக்குமா என்பது வேறு கேள்வி. உடலில் மருந்து எவ்வளவு போய்ச் சேர்கிறது, தடித்த வித்துப்பைச் சுவரை அது கடக்கிறதா என்பனவற்றைக் குப்பி சொல்லாது. டாப்ஸோனைப் பற்றிக் கிடைத்துள்ள முடிவுகளும் பெரும்பாலும் சிறிய எண்ணிக்கை நோயாளிகளிடம் கண்டவையே. ஆகவே இன்றும் அது அறுவைக்குத் துணையாகவே தரப்படுகிறது. அறுவைக்கு மாற்றாக அன்று. மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்தவர்களிடம் இது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும் என்பதால், மருத்துவர் முன்னதாக இரத்தப் பரிசோதனை செய்வார். மூக்கடைப்போடு அடிக்கடி இரத்தமும் வந்தால், கடையில் சொட்டு மருந்து வாங்கி நாளைக் கடத்தாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதிய மருந்தொன்றை இக்கிருமியின்மீது சோதிக்க விரும்பும் ஆய்வாளர், அறுவை அரங்கிலிருந்து ஒரு சதைத் துண்டு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.