பல்கலைக்கழகக் கல்வி: செலவு யாருடையது?

பல்கலைக்கழகக் கல்வியால் பயன் பெறுவோர் யாவர்? பட்டம் பெறும் மாணவர் பெறுகிறார்; அவரால் நாடும் பெறுகிறது. மருத்துவர் தமக்குரிய ஊதியத்தை ஈட்டுகிறார். ஊராரின் பிணியையும் தீர்க்கிறார். பயன் இரு சாரார்க்கும் உரியதாயின், செலவை ஏற்க வேண்டியவர் யார்? இவ்வினாவிற்கு வளரும் நாடுகள் கண்ட விடைகள் பல. அவற்றுள் ஆப்பிரிக்க நாடுகள் நான்கின் பட்டறிவை ஈண்டுக் காண்போம்.

முதல் விடை, அரசே முழுச் செலவையும் ஏற்பது. உகாண்டாவின் மக்கரேரே 1922இல் தொழிற்பள்ளியாகத் தோன்றி, 1970இல் தனித்தியங்கும் பல்கலைக்கழகமாயிற்று. அங்குப் பயின்றோர்க்குக் கட்டணம் இல்லை. உணவும் உறைவிடமும் அரசு அளித்தது. கைச்செலவுக்கும் தொகை கிடைத்தது. எனினும் இடங்களோ மிகச் சில. சிறந்த பள்ளிகளில் பயின்ற வசதியுடையோர் பிள்ளைகளே அவற்றைப் பெரிதும் பெற்றனர். தன் பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அப்பால் அனுப்ப இயலாத உழவனின் வரிப்பணமும் அவர்களுக்கே சென்றது.

இக்குறையைச் சுட்டிய உலக வங்கி, தொடக்கக் கல்விக்குச் செலவிடும் பணமே சமுதாயத்திற்கு மிகுபயன் தரும் என்றும், பல்கலைக்கழக மாணவரிடம் கட்டணம் பெற்று அவர்க்குக் கடன் வழங்குவதே முறை என்றும் 1986இல் வெளியிட்ட ஆய்வில் வலியுறுத்தியது.

இரண்டாம் விடை, கட்டணம். 1992இல் மக்கரேரே தம் செலவில் பயில்வோரைச் சேர்க்கத் தொடங்கிற்று. மாலை வகுப்புகள் பெருகின. பத்தாண்டுகள் முடியுமுன்பே கட்டணம் செலுத்துவோர் பெரும்பான்மையினர் ஆயினர். வருவாய் உயர்ந்தது, ஆசிரியர் ஊதியமும் உயர்ந்தது. ஆனால் வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. பொருளீட்ட உதவும் பாடங்களை நாடித் துறைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அறிவகம் அங்காடியாயிற்று என அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அறிஞர் மஹ்மூத் மம்தானி 2007இல் ஒரு நூலே எழுதினார்.

மூன்றாம் விடை, கடன். கென்யா 1995இல் சட்டத்தின் வழி உயர்கல்விக் கடன் வாரியத்தை நிறுவிற்று. கடன் பெற்றவர் பணியில் அமர்ந்ததும், வேலை தருவோர் ஊதியத்திலிருந்து தவணையைப் பிடித்து வாரியத்திற்குச் செலுத்துதல் வேண்டும். ஒருவர் திருப்பும் பணம் அடுத்த மாணவர்க்குப் பயன்படும் என்பது இதன் சிறப்பு. ஆனால் மாதச் சம்பளம் இல்லாத சிறுதொழில் செய்வோரிடமும் வேலையே கிடைக்காதோரிடமும் எவ்வாறு வசூலிப்பது? முறைசாராத் தொழில்களில் மக்கள் மிகுந்த நாடுகளில் கடன் திட்டம் தடுமாறும் இடம் இதுவே.

நான்காம் விடை, தனி வரி. கானா 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்வி அறக்கட்டளை நிதியை அமைத்து, மதிப்புக் கூட்டு வரியில் 2.5 விழுக்காட்டு வீதத்தை அதற்கென ஒதுக்கிற்று. எனினும் கடைக்குச் செல்லும் ஏழையும் இவ்வரியைச் செலுத்துகிறான். மேலும், இத்தகைய தனி நிதிகளுக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் 2017இல் வந்தது.

கட்டணச் சுமை மிகும்போது மாணவர் வாளா இரார். தென்னாப்பிரிக்காவில் 2015இல் எழுந்த கிளர்ச்சியால் அடுத்த ஆண்டிற்கான கட்டண உயர்வு கைவிடப்பட்டது. ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகட்கு, 2018 முதல் கடனுக்கு மாற்றாக உதவித்தொகை வழங்க அரசு முன்வந்தது.

உயர்கல்வியின் பயனைக் குறைத்து மதிப்பிட்டது தவறு என, உலக வங்கியும் யுனெஸ்கோவும் கூட்டிய அறிஞர் குழு 2000இல் அறிவித்தது. ஆயினும் குறையற்ற வழி ஒன்றும் இல்லை. இலவசம் எனில் இடம் சுருங்குகிறது. கட்டணம் எனில் ஏழை விலகுகிறான். கடன் எனில் வேலையற்றவன் சுமக்கிறான். ஆதலின் இயன்றவர் செலுத்தவும், இயலாதவர்க்கு அரசு செலுத்தவும் வகைசெய்யும் கலப்பு முறையே ஏற்புடையது.

சேர்க்கை நாளில் கட்டணச் சீட்டைக் கையில் ஏந்தித் தந்தையின் முகத்தை நோக்கி நிற்கும் மாணவரை ஆசிரியராகிய நாம் அறிவோம். எந்த நிதித் திட்டமாயினும், அம்மாணவர் வகுப்பறைக்குள் வந்தாரா, வாயிலோடு திரும்பினாரா என்பதே அதனை அளக்கும் அளவுகோல் ஆகும்.